'ஃப்ரீ கேம்தாம்மா!' - சத்தமில்லாமல் கரையும் வீட்டுப் பணம்

"இது ஃப்ரீ கேம்தாம்மா... காசே கிடையாது!"

இந்த வசனத்தைக் கேட்காத வீடு இன்றைக்கு உண்டா? அம்மாவும், 'காசு கேட்காத வரைக்கும் சரி' என்று அடுப்படிக்குத் திரும்பிவிடுவார். மூன்று மாதம் கழித்து பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டும்போதுதான் தூக்கிவாரிப் போடும். 29 ரூபாய், 80 ரூபாய், 160 ரூபாய், மறுபடி 80 ரூபாய்... ஒன்றுகூடப் பெரிய தொகை இல்லை. கூட்டிப் பார்த்தால் ஒரு மாச மளிகை பில்!

மாடம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா எட்டு மணிக்கே கிளம்பி மேடவாக்கம் வழியாக ஓ.எம்.ஆருக்குப் போகிறார். அம்மா தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடுகிறார். பையன் ஸ்கூல் விட்டு வரும்போது வீட்டில் இருப்பது பாட்டி மட்டும்தான். பாட்டியின் செல்போனில் யு.பி.ஐ. உண்டு. தாத்தாவின் குடும்ப பென்ஷன் வந்து விழும் கணக்கு அது. காய்கறி வண்டிக்காரருக்குப் பணம் அனுப்ப பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததே பேரன்தான். ரகசிய எண் பாட்டிக்கு மறந்தாலும் மறக்கும், பேரனுக்கு மறக்குமா?

கற்பனை வீடுதான். ஆனால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், 'எங்க வீடும் இப்படித்தான்' என்பார்கள்.

பிள்ளை பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. கேம் ஃப்ரீதான். போனில் இறக்கிக்கொள்ள ஒரு பைசா கிடையாது. கடை வெளியே இல்லை, கேமுக்கு உள்ளே இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஒரு தடவை வலித்த காலம்

90-களில் வளர்ந்த அப்பா, அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும். பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ பேரம் பேசி வாங்கிய டி.வி. கேம் பெட்டி. கூடவே ஒரு கேசட். அதன் மேலே '9999 இன் 1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும், உள்ளே இருப்பதென்னவோ பத்து, இருபது ஆட்டம்தான். மரியோ குதிப்பார், கான்ட்ராவில் சுட்டுத் தள்ளலாம். வாங்கும்போது அப்பாவின் பர்ஸ் ஒரு தடவை வலிக்கும். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஆடினாலும் மின்சார பில் தவிர வேறு செலவில்லை. பெட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகள் கேம் பார்லரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து ஆடினார்கள். சட்டைப் பையில் காசு தீர்ந்தால் ஆட்டமும் தீர்ந்தது!

இன்றைக்கும் அப்படி விற்கிற கேம்கள் இருக்கின்றன. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தது 2021 பிப்ரவரியில். டிஸ்க் போடும் மாடல் அப்போது 49,990 ரூபாய். அதற்கான புதிய பெரிய கேம்களில் சில 4,999 ரூபாய். 'ஒரு விளையாட்டுக்கு ஐயாயிரமா!' என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வோம். வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மாசம் பேசுவோம். பொங்கலுக்கா, பிறந்த நாளுக்கா என்று தள்ளிப் போடுவோம்.

அந்த ஒரு மாசப் பேச்சு இருக்கிறதே, அதுதான் ஒரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு. விலை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் யோசிக்கிறோம். ஃப்ரீ கேமில் அந்த யோசனைக்கே இடம் வைக்கவில்லை. ஆகவே, கேட்க விநோதமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: பல வீடுகளில் ஐயாயிரம் ரூபாய் கேமைவிட ஃப்ரீ கேம்தான் விலை அதிகம்.

இந்தப் புது வியாபாரம் ஒரு குதிரையில் ஏறி வந்தது என்று சொல்லலாம். 2006-ல் 'ஆப்ளிவியன்' என்ற அமெரிக்க கேமில் குதிரைக்குக் கவசம் என்று ஒரு அலங்காரத்தை இரண்டரை டாலருக்கு விற்றார்கள். 'பொம்மைக் குதிரைக்குச் சட்டை வாங்கக் காசா?' என்று ஆட்டக்காரர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்துகொண்டே வாங்கவும் செய்தார்கள்! கம்பெனிகளுக்கு அது போதாதா? ஆட்டத்தைச் சும்மா கொடு, அலங்காரத்தை விற்றுக்கொண்டே இரு என்ற சூத்திரம் அங்கிருந்து வளர்ந்தது.

நம் ஊரில் இது செல்போன் வழியாக வந்தது. பப்ஜி மொபைலை 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அதன் இடத்தில் 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. வந்தது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் தடையானது, ஆனால் 'ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்' இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு ரோப்லாக்ஸ். பெயர்கள் மாறலாம், உள்ளே இருக்கும் கடை ஒன்றுதான்.

பொம்மைக்குப் புதுச் சட்டை

அங்கே என்ன விற்கிறார்கள்? பெரும்பாலும் 'ஸ்கின்'. அதாவது, ஆட்டத்தில் ஓடும் பொம்மைக்கு உடை, துப்பாக்கிக்குப் பெயின்ட், ஜெயித்தால் ஆடிக் காட்ட ஒரு டான்ஸ். 'இதுக்கெல்லாமா காசு?' என்று கேட்டுவிடாதீர்கள். தீபாவளியன்று தெருவில் எல்லாப் பிள்ளைகளும் புதுத்துணி போட்டிருக்க, தன் பிள்ளை மட்டும் பழைய சட்டையில் நின்றால் எந்த அம்மாவுக்கும் மனசு பதறாதா? அதேதான் இது. கேம் இலவசமாகக் கொடுக்கும் சாதா உடையில் வருகிறவனை மற்ற பிள்ளைகள் கிண்டல் அடிக்கிறார்கள். பிள்ளை வாங்குவது துணியை அல்ல, நண்பர்கள் நடுவே ஒரு மரியாதையை. இதைப் புரிந்துகொள்ளாமல் கண்டிக்கப் போனால், 'உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா' என்ற ஒரே பதில்தான் வரும்.

இந்த ஆசையைப் பணமாக்குவதில்தான் கைவரிசை. முதல் காரியமாக, ரூபாய் என்ற பேச்சையே எடுப்பதில்லை. ஒன்றில் 'டைமண்ட்', ஒன்றில் 'யு.சி.', இன்னொன்றில் 'ரோபக்ஸ்'. தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்டினத்துக்கு டோக்கன் வாங்கியிருப்பீர்களே? கையில் நோட்டாக இருக்கும்போது எண்ணி எண்ணிக் கொடுத்தவர்கள், டோக்கனாக மாறியதும் 'ஏறு ஏறு, இன்னொரு ரவுண்டு' என்று ஆகிவிடுவோம். கேமில் இன்னும் ஒரு படி மேலே போய், கணக்கு ஒருபோதும் நேராகாதபடி செய்துவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, காசு மூட்டை 60 அல்லது 300 என்று கிடைக்கும், வேண்டிய சட்டை 80 ஆக இருக்கும். 60 போதாது. இரண்டு மூட்டை வாங்கினால் 40 மிஞ்சும். மிஞ்சினதை வீணாக்கக்கூடாதே என்று மறுபடியும் வாங்கத் தோன்றும். நடுத்தரக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் வீணாக்க மனசு வராது. அந்த நல்ல குணமே இங்கே தூண்டில்!

காசு கண்ணில் படாவிட்டால் கை தாராளமாகும் என்பதை ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பிரலெக், சிமெஸ்டர் என்ற இருவர் 2001-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. மாணவர்களிடம் கூடைப்பந்து மேட்ச் டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். பாதிப் பேர் ரொக்கமாகக் கட்டவேண்டும், மீதிப் பேர் கிரெடிட் கார்டில். கார்டுக்காரர்கள் கேட்ட சராசரி விலை, ரொக்கக்காரர்களைப் போல இரு மடங்குக்கும் மேல்! பணம் கொடுக்கும்போது உண்டாகும் சின்ன வலி கார்டில் மழுங்கிப் போகிறது. டைமண்டில் அது சுத்தமாக மரத்துப் போகிறது.

இன்னொன்று, சில்லறையாகப் பிரிப்பது. இதில் நம் கடலூர்க்காரர்கள் முன்னோடிகள்! பாட்டில் ஷாம்பு வாங்க முடியாதவர்களுக்கு சாஷேயில் அடைத்துக் கொடுத்து ஊரையே ஷாம்பு போட வைத்தார்கள். ஆனால் சாஷே தீர்ந்தால் தீர்ந்ததுதான், கையில் காலி கவர் இருக்கும். எத்தனை கவர் என்று குப்பைக் கூடையில் எண்ணிவிடலாம். கேமில் செலவான 80 ரூபாய்க்குக் குப்பைகூட மிஞ்சுவதில்லை.

மூன்றாவதுதான் கொஞ்சம் விஷமமானது. பெட்டிக்கடையில் 'சீட்டுக் கிழி' ஆடியிருக்கிறீர்களா? ஒரு அட்டையில் வரிசையாக மடித்து ஒட்டிய சீட்டுகள். பத்துப் பைசா கொடுத்து ஒன்றைக் கிழித்தால் பலூன் விழலாம், ஒரு புளிப்பு மிட்டாய் விழலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அட்டையின் உச்சியில் பெரிய பொம்மை ஒன்று தொங்கும், அது யாருக்கும் விழுந்ததாகச் சரித்திரம் இல்லை. கேமில் இதற்குப் பெயர் 'லூட் பாக்ஸ்', 'லக்கி ஸ்பின்', 'க்ரேட்'. காசு கட்டிப் பெட்டியைத் திறக்க வேண்டும், உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது.

மூளை இந்த 'தெரியாது' என்பதில்தான் விழுகிறது. புறாக்களை வைத்து ஆராய்ந்த ஸ்கின்னர் என்ற உளவியல் நிபுணர், எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் பறவை விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். பிறகு வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளிடம் செய்த சோதனைகளில், பழரசம் வரப்போகிறது என்பதற்கான அறிகுறி பழகிவிட்டால், ரசம் நாக்கில் படும்போது அல்ல, அறிகுறியைப் பார்த்ததுமே 'டோபமைன்' நரம்பணுக்கள் கிளர்ந்தெழுகின்றன என்று தெரிந்தது. பெட்டி திறக்கும் அந்த இரண்டு நொடி மினுமினுப்பை ஏன் அவ்வளவு ஜோராகச் செய்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா? பெரியவர்களுக்கே கை பரபரக்கும். 'வேண்டாம், போதும்' என்று கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி முழுசாக வளர இருபது வயதும் தாண்டுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் அந்தக் கடிவாளத்தை எதிர்பார்ப்பது அநியாயம். துறுதுறுப்பும் கவனக்குறைவும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைகளுக்கு இன்னும் சிரமம்.

சீட்டுக் கிழியும் சூதும் அண்ணன் தம்பிதான் என்பது ஊகம் மட்டுமல்ல. 2018-ல் ஜென்டில், கெயின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ஏழாயிரத்துக்கும் அதிகமான ஆட்டக்காரர்களிடம் விசாரித்தபோது, சூதாட்டப் பிரச்னை கடுமையாக உள்ளவர்களே லூட் பாக்ஸில் அதிகம் செலவழிப்பதாகத் தெரிந்தது. எது எதற்குக் காரணம் என்பது வேறு கேள்வி. ஆனால் தொடர்பு இருக்கிறது. அதே 2018-ல் பெல்ஜியம், காசு கட்டித் திறக்கும் பெட்டிகள் தங்கள் சூதாட்டச் சட்டத்துக்கு விரோதம் என்று அறிவித்தது. ஜப்பான் 2012-லேயே இதில் ஒரு வகையைத் தடுத்து நிறுத்தியது. பரிசுச் சீட்டுகளையே 2003-ல் ஒழித்துக் கட்டிய தமிழ்நாட்டில், பரிசுச் சீட்டின் பேரன் பிள்ளைகள் கையில் இருக்கும் போனில் சௌக்கியமாக இருக்கிறான்!

திட்டுவதற்கு முன்னால்...

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஸ்டேட்மென்ட்டைப் பார்த்துவிட்டீர்கள். ரத்தம் கொதிக்கிறது. பிள்ளை ஸ்கூலில் இருக்கிறான், அல்லது அடுத்த அறையில்.

கொஞ்சம் நில்லுங்கள். 2021 ஜூலை மாதம் மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் ஃப்ரீ ஃபயரில் சுமார் 40,000 ரூபாய் வரை இழந்திருந்தான். அம்மாவின் போனுக்குப் பணம் எடுக்கப்பட்ட மெசேஜ் வந்தது. அவர் வேலையிடத்திலிருந்து போன் செய்து மகனைக் கடிந்துகொண்டார். எந்த அம்மாவும் செய்யக்கூடியதுதான். அவன் அப்போது வீட்டில் தனியாக இருந்தான். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டுவிட்டான். அந்தத் தாயின் மேல் துளியும் குற்றம் இல்லை. ஒரு துயரத்துக்கு ஒரே காரணமும் இருப்பதில்லை. ஆனாலும் படிக்கிறவர்களுக்கு ஒன்று புரிய வேண்டும். நமக்கு அது போன பணம். பிள்ளைக்கோ அது, 'இனி அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்' என்ற பயம். ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் பன்னிரண்டு வயதில் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்லாமே உலகம் முடிந்துபோன மாதிரிதான்.

ஆகவே போனில் திட்டாதீர்கள். பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும்போது விசாரணை வேண்டவே வேண்டாம். சாயங்காலம் நேரில் பக்கத்தில் உட்கார்ந்து, "பணம் போயிருக்குடா. நானும் அப்பாவும் பாத்துக்கறோம். எவ்வளவுன்னு சேர்ந்து கணக்குப் போடலாம் வா" என்று ஆரம்பித்துப் பாருங்கள். சுத்தி வளைக்காமல் உண்மை வரும். பக்கத்து ஃப்ளாட் மாமியிடமும் சித்தப்பாவிடமும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிற வேலையும் வேண்டாம். அடியைவிட அந்த அவமானம் ஆழமாக இறங்கும். 'நான் செத்துப்போறேன்', 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் நாடகம் என்று தள்ளிவிடாதீர்கள். அன்றைக்கு அவனைத் தனியே விடாமல் யாராவது கூட இருங்கள், டாக்டரிடம் பேசுங்கள்.

அதே சமயம், கண்டுகொள்ளாமலும் இருக்க முடியாது. 2020 ஜூலையில் பஞ்சாபின் கரர் ஊரில் 17 வயதுப் பையன் பப்ஜிக்காக 16 லட்சம் ரூபாய் செலவழித்தான் என்று பத்திரிகைகளில் வந்தது. அப்பாவின் வைத்தியச் செலவுக்கென்று வைத்திருந்த சேமிப்பும் அதில் அடக்கம். ஆன்லைன் கிளாஸ் என்று போன் அவன் கையில் இருந்தது. பேங்க்கிலிருந்து வந்த மெசேஜ்களை உடனுக்குடன் அழித்துக்கொண்டே வந்திருக்கிறான். மெசேஜ் அழிக்கப்படுவதுதான் முதல் அறிகுறி, குறித்துக்கொள்ளுங்கள்.

பணத்தில் கொஞ்சமாவது திரும்ப வருமா? முயற்சி செய்யலாம், சீக்கிரம் செய்தால். கூகுள் பிளே ஸ்டோரில் வாங்கின 48 மணி நேரத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. நமக்குத் தெரியாமல் யாரோ எடுத்த தொகை என்றால் 120 நாளுக்குள் புகார் செய்யலாம். ஐபோன்காரர்கள் ஆப்பிளிடம் கேட்கலாம். கம்ப்யூட்டரில் ஆடுகிற 'ஸ்டீம்' கடையில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பொதுவாகக் கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையைச் சொல்லிக் கேளுங்கள்: 'மைனர் பிள்ளை அனுமதியில்லாமல் வாங்கிவிட்டான்'. 18 வயது ஆகாதவர் செய்த ஒப்பந்தம் நம் ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது என்று 1903-லேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. கம்பெனிக்காரர்கள், 'அக்கவுன்ட் உங்கள் பேரில்தானே இருக்கிறது' என்று வாதாடுவார்கள், அது தெரிந்ததுதான். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 'இலவச டைமண்ட்' என்று வந்த லிங்க்கைத் தட்டிப் பணம் போயிருந்தால் அது கேமே இல்லை, திருட்டு. உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். அங்கே நேரம்தான் பணம்.

கேட்டால் கிடைக்கும் என்பதற்குப் பெரிய உதாரணமே உண்டு. ஃபோர்ட்நைட் கேமை நடத்தும் எபிக் கம்பெனி, குழப்பமான பட்டன்களை வைத்து ஜனங்களை அறியாமல் வாங்க வைத்தது என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது. லோடிங் திரையில் கை பட்டாலே காசு போன சமாசாரம் அது. 2022 டிசம்பரில், 24 கோடியே 50 லட்சம் டாலரை வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர எபிக் ஒப்புக்கொண்டது. அதற்கும் முன்பு 2014-ல், பெற்றோர் அனுமதியில்லாமல் பிள்ளைகள் வாங்கினவற்றுக்காக ஆப்பிளே குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலர் திருப்பித் தர வேண்டியிருந்தது.

காசைக் கண்ணில் காட்டுங்கள்

'போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் போச்சு' என்பவர்கள் இருக்கிறார்கள். ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஹோம்வொர்க் வரை அதில்தான் வருகிறது, எத்தனை நாள் பிடுங்கி வைப்பீர்கள்? பிள்ளை நண்பன் போனில் ஆடுவான், பாக்கெட் மணியைச் சேர்த்து ரீசார்ஜ் கடையில் கொடுத்து ஏற்றிக்கொள்வான். தேவைப்படுவது வேறு. கேம் மறைத்து வைத்த ரூபாயை நாம் மறுபடி பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும்.

எனக்குத் தெரிந்து சுலபமான வழி, பழைய கவர் முறைதான். மாசம் முதல் தேதி, கேமுக்கென்று ஒரு தொகையை ரொக்கமாக ஒரு கவரில் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுங்கள். 100 ரூபாயோ 200 ரூபாயோ, அது உங்கள் வீட்டு வசதி. ஏதாவது வாங்க வேண்டுமானால் அந்த நோட்டை அவன் எடுத்து உங்கள் கையில் வைக்க வேண்டும், நீங்கள் போனில் கட்டுங்கள். நோட்டு கையை விட்டுப் போகிற அந்த வலி திரும்ப வருகிறது பாருங்கள், அதுவே பாதி வைத்தியம். கவர் காலியானால் அடுத்த மாசம்தான். மிச்சம் வைத்தால் அவனுக்கே. முதல் மாசம் மூன்றாம் தேதியே தீர்ந்துவிடும், அழுகை வரும். 'பாவம் குழந்தை' என்று பாட்டி முந்தானை முடிச்சை அவிழ்க்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு!

இதோடு ஒரு ராத்திரி விதியும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பிடித்ததை நாளைக்குத்தான் வாங்குவது. 'இன்னும் 3 மணி நேரம்தான், முடியப் போகுது' என்று கேம் மணி அடிக்கும். அடிக்கட்டும். நாளைக்கும் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். பலதடவை தோன்றாது. இரவு பத்து மணிக்கு மேல் வாங்குவது அறவே கூடாது. தூக்கக் கண்ணில் எடுக்கிற முடிவுகள் பெரியவர்களுக்கே சரியாக வருவதில்லை.

போனிலும் சில வேலைகள் இருக்கின்றன. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள். கைரேகை உங்களுடையதாக இருக்கட்டும், பிள்ளையுடையது அல்ல! கூகுளின் 'ஃபேமிலி லிங்க்', ஐபோனில் 'ஆஸ்க் டு பை' இரண்டிலும் பிள்ளை வாங்கத் தட்டினால் உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். கார்டு எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் அழித்துவிடுங்கள். ரகசிய எண் கேட்காத 'யு.பி.ஐ. லைட்'டில் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை அனுப்ப 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. காய்கறிக்குச் சௌகரியம்தான், பிள்ளை எடுக்கிற போனில் வேண்டாம். மாதாமாதம் தானாகக் கழியும் 'ஆட்டோபே' உள்ளதா என்றும் பாருங்கள். அந்தப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே மெசேஜ் வந்தாக வேண்டும் என்பது விதி. அந்த மெசேஜைப் படிக்கத்தான் நமக்கு நேரமில்லை. பாட்டி கணக்கைப் பொறுத்தவரை, பென்ஷன் வேறு கணக்கில் இருக்கட்டும், போனில் இணைத்த கணக்கில் இரண்டாயிரம், மூவாயிரம் போதும்.

கம்பெனியே வரம்பு போட்டிருக்கிறதே என்பீர்கள். பி.ஜி.எம்.ஐ. 2021-ல் வந்தபோது 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அறிவித்த செலவு வரம்பு என்ன தெரியுமா? 7,000 ரூபாய். மாதத்துக்கு அல்ல, ஒரு நாளைக்கு! சீனாவில் 2019-ல் அரசு போட்ட வரம்பில் 8 முதல் 16 வயது வரை மாதத்துக்கே 200 யுவான், அதாவது இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். எட்டு வயதுக்குக் கீழே ஒரு பைசா கிடையாது.

நம் நாட்டுச் சட்டம் காசு வைத்து ஆடும் சூதைத்தான் குறி வைத்திருக்கிறது. 2022-ல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை என்று விதி போட்டது, சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஆகஸ்ட்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களையே நாடு முழுக்கத் தடை செய்து சட்டம் இயற்றியது. பணம் ஜெயிக்க வழியில்லாத, வெறும் அலங்காரம் வாங்குகிற கேம்களை அது தொடவில்லை. அங்கே காவல் வீட்டுக்காரர்கள்தான்.

பிள்ளைகளை மட்டும் குறை சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். அப்பாக்கள் சமாசாரமும் இருக்கிறது! 'ஸ்டீம்' கடையில் கோடைத் தள்ளுபடி என்று வந்தால், ஆடி மாசத்தில் தி.நகரில் புடவை அள்ளுகிற மாதிரி அள்ளுகிறார்கள். 80 சதவிகிதம் தள்ளுபடியாம்! பீரோவில் மடிப்பு கலையாத புடவை போல, திறந்தே பார்க்காத கேம்கள் நாற்பது, ஐம்பது சேர்ந்திருக்கும். வேலை டென்ஷனில் வாங்குகிறோம், ஆட நேரம் இல்லை, வாங்கின சந்தோஷமே போதுமென்று படுத்துவிடுகிறோம். இவர்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கேமின் விலையை, நிஜமாக ஆடிய மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 2,000 ரூபாய் கேமை 80 மணி நேரம் ஆடினால் மணிக்கு 25 ரூபாய், தியேட்டர் பாப்கார்னைவிட மலிவு. 200 ரூபாய்க்கு வாங்கி ஆடாமல் வைத்தது? அதுதான் தண்டம். வீட்டில் கவர் முறை கொண்டுவந்தால் அப்பாவுக்கும் ஒரு கவர் உண்டு என்று பிள்ளை முன்னாலேயே சொல்லிவிடுங்கள். மரியாதையாகக் கேட்டுக்கொள்வான்.

எப்போது டாக்டரிடம்?

கேமில் காசு செலவழிப்பதே வியாதி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது, 2022 ஜனவரி முதல் அது அமலில் இருக்கிறது. அதில் எவ்வளவு ரூபாய் என்ற அளவே கிடையாது. ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை, சாப்பாடு, படிப்பு, நண்பர்களைவிட ஆட்டமே பெரிதாகிவிட்டது, கெடுதல் கண்கூடாகத் தெரிந்தும் தொடர்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஒரு வருஷம் நீடித்தால்தான் அந்தப் பெயர். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. திருடுவது, அதை மறைக்கக் கடன் வாங்குவது, ராத்திரி தூங்காமல் இருப்பது, ஆட்டம் இல்லாத நேரம் எரிந்து எரிந்து விழுவது இவை சேர்ந்து தெரிந்தாலே போய்ப் பார்க்கலாம். பல சமயம் அடியில் வேறொன்று இருக்கும்: ஸ்கூலில் கேலி, படிப்பு ஏறாத சங்கடம், மனச்சோர்வு. அதைக் கவனித்தால் செலவு தானாகவே குறையும்.

பெங்களூர் நிம்ஹான்ஸில் 2014 முதலே இதற்கென 'ஷட்' என்ற தனி கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. தாம்பரம் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு மின்சார ரயிலில் போகிற தூரம்தான். நகரத்துக்குள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளிப் பிரிவு உண்டு. முதலில் யாரிடமாவது பேசினால் போதும் என்றால் 14416, 'டெலி மானஸ்' இலவச எண். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள். போகும்போது மூன்று மாதத்து பேங்க் ஸ்டேட்மென்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் பணம் போயிருக்கிறது என்பதைப் பார்த்தாலே டாக்டருக்குப் பாதிக் கதை புரிந்துவிடும்.